ஒரு பலகை போதாதா

ஏப்ரல் 28, ஞாயிறு

ஹார்லனுக்கு,

நலமாக இருப்பாய். இல்லாவிட்டாலும் நேற்று சனிக்கிழமை முழுக்க என் படகில் உட்கார்ந்து மீன் பிடிக்கும் அளவுக்குத் தெம்பு இருந்திருக்கிறது என்று தெரிகிறது.

'என் படகு' என்றதும் உனக்கு மூக்கு வியர்க்கும். சரி, நம் படகு. திங்கள், புதன், சனி உனக்கு. செவ்வாய், வியாழன், ஞாயிறு எனக்கு. வெள்ளிக்கிழமை யாருக்கும் இல்லை. நம் விவாகரத்தைப் பேசி முடித்த அந்த அம்மாள் எழுதிக் கொடுத்த தாளில் அப்படித்தான் இருக்கிறது. உனக்கு வீடு, எனக்குக் குளத்தங்கரைக் குடில், படகு இருவருக்கும். முன் இருக்கையை ஒரு முழம் பின்னால் தள்ளித் திருகலாம் என்று அந்தத் தாளில் எங்கே எழுதியிருக்கிறது? காலையில் வழக்கம்போல உட்காரப் போய்ப் படகின் தரையில் விழுந்தேன். இடுப்பு வலிக்கிறது. கேட்டாயா என்னை? ஒரு வார்த்தை?

போன் செய்யாதே. போனில் நாம் பேசினால் என்ன ஆகும் என்று பக்கத்துக் குடில் மெர்லுக்குக்கூடத் தெரியும். சொல்ல வேண்டியதை எழுதிப் பின் இருக்கைக்கு அடியில் இருக்கும் இந்தக் காபி டப்பாவில் போடு. நானும் அப்படியே செய்கிறேன்.

பனி உருகிப் பத்து நாள் ஆகிறது. தண்ணீர் நாற்பத்தாறு டிகிரி ஃபாரன்ஹீட். கையை விட்டால் விரல் மரத்துப்போகிறது. தெற்குக் கரைப் பாறைகளில் நாலு மணி நேரம் தூண்டில் போட்டேன். ஒரு பாஸ் மீன்கூட எட்டிப் பார்க்கவில்லை.

இருக்கையைப் பழைய இடத்துக்கே மாற்றிவிட்டேன். கை வைக்காதே.

ஓடெட்

ஏப்ரல் 29, திங்கள்

ஓடெட்,

இடுப்புக்கு ஐஸ் வை. இருக்கையைத் தள்ளியது எடை பின்னால் இருக்கட்டும் என்றுதான். நல்லதுக்குத்தான் செய்தேன்.

ஏப்ரல் மாதத்தில் தெற்குக் கரைப் பாறையில் போய் உட்கார்ந்தால் மீன் வராது, ஜலதோஷம்தான் வரும். இருபத்திரண்டு வருஷம் என்னோடு ஒரே படகில் இருந்தவள் நீ. மூன்று நாள் சேர்ந்தாற்போல வெயில் அடிக்கட்டும். அப்புறம் வடக்கு மூலைக்குப் போ. அங்கே அடியில் கறுப்புச் சேறு, வெயிலைக் குடித்து வைத்துக்கொள்ளும். தெற்கிலிருந்து காற்று வீசினால் இன்னும் நல்லது, மேலாக இருக்கும் வெதுவெதுப்பான தண்ணீரை அங்கே ஒதுக்கிவிடும். காலையில் போகாதே. மதியம் இரண்டு மணிக்கு மேல் போ. அந்தச் சின்ன வெள்ளிப் பொய்மீனைத் தூண்டிலில் மாட்டிப் போட்டு இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுச் சும்மா விடு. பத்து எண்ணு. குளிர்ந்த தண்ணீரில் மீனுக்கு யோசிக்க நேரம் வேண்டும். நீ நாலு எண்ணுவதற்குள் இழுத்துவிடுவாய். எனக்குத் தெரியும்.

இன்று அந்த மூலையில் மூன்று பிடித்து மூன்றையும் விட்டேன். தண்ணீர் அங்கே ஐம்பத்திரண்டு.

இருக்கையைத் தொடவில்லை. பின்னாலேயே உட்கார்ந்துகொண்டேன்.

ஹார்லன்

மே 19, ஞாயிறு

ஹார்லனுக்கு,

ஷாட் புதர் பூத்துவிட்டது. குடில் பக்கம் கரை முழுக்க வெள்ளை. ஆகையால் இன்று முதல் நம் விதி: அல்லி இலை மேலே வந்து படுக்கும்வரை வடக்கு மூலையில் தூண்டில் கிடையாது. விதியைச் செய்தது நீதான், ஞாபகமிருக்கட்டும். முட்டைமேல் நிற்கும் மீனைப் பிடிப்பவன் மனுஷனா என்று அன்றைக்கு மெர்லிடம் சண்டைக்கே போனாய்.

தூண்டிலைக் கீழே வைத்துவிட்டுத் துடுப்பு மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். பதினொரு முட்டைக் குழிகள். ஒவ்வொன்றும் வாலால் பெருக்கி வைத்த சோற்றுத் தட்டு அளவு வட்டம். பழைய அடிமரத்துக்குப் பக்கத்தில் யார் வந்திருக்கிறார்கள் தெரியுமா? மாமியார்! நாம் பெயர் வைத்த அதே பெரிய பெண் மீன், கீழ்த்தாடையில் அதே வெட்டு. ஏழு பவுண்டுக்குக் குறையாது. உன் அம்மா சமையலறைக்குள் வந்து பாத்திரங்களைப் பார்ப்பாளே, அதே பார்வை. பக்கத்தில் அவளில் பாதிகூட இல்லாத ஒரு ஆண் மீன், வால் கிழிந்தது, குழியைச் சுற்றிச் சுற்றி வருகிறான். மாமனார் என்று பெயர் வைத்தேன்.

நீ சொன்ன மாதிரி பத்து எண்ணினேன். போன வாரம் ஐந்து மீன். இதை எழுதுவதற்குக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

புதன்கிழமை நம் மகள் கோரா வீட்டுக்குப் போகிறேன். அடுத்த திங்கள்தான் வருவேன். என் வியாழனையும் ஞாயிற்றையும் வேண்டுமானால் நீ எடுத்துக்கொள்.

ஓடெட்

மே 20, திங்கள்

ஓடெட்,

பார்த்தேன். மாமனாருக்குப் பாவம், அரை நிமிஷம் ஓய்வில்லை. அப்பா ஞாபகம்தான் வந்தது. படகில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

நாளையிலிருந்து மழை என்கிறார்கள். கோராவை நான் கேட்டதாகச் சொல்.

ஹார்லன்

மே 28, செவ்வாய்

ஹார்லன்,

நலமா என்று கேட்க மாட்டேன்.

இன்று காலை வடக்கு மூலைக்குப் போனேன். பதினொரு குழியில் ஒன்பது காலி. மாமியார் முட்டை போட்ட குழியில் மாமனார் இல்லை. அந்தத் தட்டை வயிற்றுப் பொடிமீன்கள் இருக்கின்றனவே, ஒரு முப்பது நாற்பது, அவை குழிக்குள் தலையை விட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்தன. காவலுக்கு நிற்கும் ஆணைத் தூக்கினால் ஐந்து நிமிஷம் போதும், ஒரு முட்டை மிஞ்சாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான்.

அடிமரத்தில் உன் ஊதா ரப்பர் தூண்டில்புழு மாட்டிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு இரண்டு விரல் மேலே, சேறு காய்ந்து பொருக்குத் தட்டி, அறுந்த தூண்டில் நரம்போடு. இதோடு டப்பாவில் வைத்திருக்கிறேன். அந்த ஊதாவை இந்தக் குளத்தில் வேறு யாரும் போடுவதில்லை. அறுந்த நரம்பின் நுனியில் நீ போடும் முடிச்சு எனக்குத் தெரியாதா? என் சட்டைப் பொத்தான்களுக்கே அந்த முடிச்சைத்தான் போடுவாய்.

நான் ஐந்து நாள் ஊரில் இல்லை. உனக்குக் குளம் முழுக்கக் கிடைத்தது. அந்த ஐந்து நாளில் உன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை. பெரிய மீனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துத் தூண்டில் கடைச் சுவரில் ஒட்ட வேண்டும், அதுதானே? கடைக்குப் போய்ப் பார்க்கப் போகிறேன். படம் இருந்தால் வனக்காவலரிடம் சொல்ல மாட்டேன், பயப்படாதே. ஊரார் கூடிச் சாப்பிடும் சனிக்கிழமை பீன்ஸ் விருந்துக்கு வந்து எல்லார் முன்னாலும் சொல்வேன்.

வெட்கமாக இல்லையா உனக்கு?

ஓடெட்

மே 29, புதன்

ஓடெட்,

நான் எந்த மீனையும் தொடவில்லை. அந்தப் புழு மே பதின்மூன்றாம் தேதி, பூ பூப்பதற்கு முன்னால் மாட்டியது. தண்ணீருக்கு இரண்டு விரல் கீழே இருந்த கிளையில் மாட்டி அறுந்தது. தண்ணீருக்குள் கிடந்த புழுவில் சேறு எப்படிக் காயும் என்று ஒரு நிமிஷமாவது யோசித்தாயா? மாட்டாய். என்மேல் பழி போடுவது என்றால் உனக்கு யோசனையே தேவையில்லை.

நானா காவல் மீனைத் தூக்குவேன்? காவல் நிற்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியாது. நீ போர்ட்லண்டுக்குப் போன மூன்று வருஷம் கோராவுக்குத் தலை பின்னியது யார்? காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது யார்? முன்னொரு பீன்ஸ் விருந்தில் சொன்னதைத்தான் இப்போதும் சொல்கிறேன்: "பொம்பள மீன் முட்டையைப் போட்டுட்டுக் கிளம்பிடும். நிக்கிறது ஆம்பளதான்." அன்றைக்குத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாய். பொய் என்று மட்டும் நீ சொல்லவில்லை.

இப்போது கேள். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் கொட்டித் தீர்த்தது. குளம் ஏறிக்கொண்டே வந்தது. வியாழன் சாயங்காலம் உன் குடிலுக்குப் போய்ப் பார்த்தேன். மூன்றாவது படியை மூடி வாசற்படியைத் தொட்டுக்கொண்டிருந்தது தண்ணீர். அந்தச் சமையலறைத் தரையைப் போட்டவன் நான். ஒரு தடவை நனைந்தால் பலகை உப்பிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். நேராகக் குளத்துத் தண்ணீரை வெளியே விடும் கலிங்குக்குப் போனேன். என்னிடம் இருக்கும் சாவியால் பூட்டைத் திறந்து அடைப்புப் பலகைகளில் இரண்டை எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் உன் வாசலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சனிக்கிழமை பலகையைத் திரும்பப் போட்டேன். அப்புறம் பெய்த மழையில் குளமும் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது.

தண்ணீர் ஒரு அடி இறங்கியதில் சில குழி வெளியே தெரிந்திருக்கும். ஒத்துக்கொள்கிறேன். உன் தரை பெரிதா, மீன் முட்டை பெரிதா? நல்லதுக்குத்தான் செய்தேன். நன்றி சொல்ல வேண்டாம்.

ஹார்லன்

மே 30, வியாழன்

ஹார்லன்,

புழு விஷயத்தில் நான் உன்னைச் சந்தேகப்பட்டது தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கடையில் படம் எதுவும் இல்லை. இந்தக் கடிதத்தில் மன்னிப்பு அதோடு முடிந்தது.

ஒரு பலகை போதாதா? ஒரு பலகை அரை அடி. படியை விட்டுத் தண்ணீர் இறங்க அது தாராளம். பதினாறு வருஷமாக அந்தச் சாவியை வைத்திருக்கிறாய், குழந்தைக்கும் தெரிகிற கணக்கு. ஆனால் உனக்கு எப்போதுமே இரண்டு பலகை வேண்டும். வேண்டியதைவிட ஒரு பங்கு கூடச் செய்தால்தான் நல்லது செய்ததாகவே உனக்குத் தோன்றும்.

கோரா வீட்டில் போன் இருக்கிறது. நம்பர் உன் சட்டைப்பையில் இருக்கிறது. "ஓடெட், தண்ணி வாசலுக்கு வந்துட்டுது, பலகைய எடுக்கவா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் என்ன சொல்லியிருப்பேன் தெரியுமா? "தொடாதே. தரை நனைஞ்சா நனையட்டும். வந்து துடைச்சுக்கறேன்." என் தரை, ஹார்லன். என் குடில். தாளில் எழுதியிருக்கிறது. நனையவிடுவதும் விடாததும் என் இஷ்டம். இப்போது என் சமையலறைப் பலகை காய்ந்து கிடக்கிறது, அதற்காக ஒன்பது குழி முட்டை செத்துப்போனது என்று ஒவ்வொரு தடவை அடுப்படியில் நிற்கும்போதும் நினைத்துக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்காமலே என்னை அதில் கூட்டாளி ஆக்கிவிட்டாய்.

போர்ட்லண்ட் பற்றிப் பேசுகிறாய். பேசலாமே. பொய் என்று நான் சொல்லவில்லையாம். இதோ சொல்கிறேன். அங்கே உள்ள ஆஸ்பத்திரியிலிருந்து தலைமை நர்ஸ் வேலைக்கு என்னைக் கூப்பிட்டு வீட்டுக்குப் போன் வந்தது. எடுத்தவன் நீ. "அவ வரமாட்டா, வீட்ல குழந்தை இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டாய். ஒன்பது நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, உப்பைத் தள்ளு என்பதுபோல என்னிடம் சொன்னாய். நான் திரும்பக் கூப்பிட்டபோது அந்த வேலை இன்னொருத்திக்குப் போயிருந்தது. நீ கேட்டிருந்தால் நானே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்! கோராவுக்கு அப்போது ஏழு வயது. அவளை விட்டுப் போக எனக்கு மனசே இல்லை. ஆனால் என் வாயால் நான் சொல்ல வேண்டிய 'வேண்டாம்' அது. அதை நீ எடுத்துக்கொண்டாய். அதனால்தான் அங்கேயே கிடைத்த சாதாரண நர்ஸ் வேலைக்குக் கிளம்பிப் போனேன். கோபத்தில் போனேன். மூன்று வருஷமும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து வந்து ஞாயிறு திரும்பிப் போனேன். எத்தனை தடவை அந்த பஸ்ஸில் அழுதிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. கோராவிடம் அந்த மூன்று வருஷத்துக்காக நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உன்னிடம் கேட்கப்போவதில்லை.

நீ தலை பின்னினாய். நன்றாகத்தான் பின்னினாய். அதை நான் எந்த நாளும் இல்லை என்று சொன்னதில்லை. அதைத் தூக்கி ஊரார் முன்னால், பீன்ஸ் தட்டோடு, என் முகத்தில் வீசினாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

எனக்குக் கலிங்குச் சாவி வேண்டும். சனிக்கிழமை இந்த டப்பாவில் போடு. குளத்துக் குடில்காரர்கள் ஏழு பேரிடமும் பேசிவிட்டேன். நீ ஊருக்குள் இருக்கிறாய், நான் கரையில் இருக்கிறேன். சாவி என்னிடம் இருப்பதில் அவர்கள் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. பார், நான் கேட்டுவிட்டுத்தான் செய்கிறேன். அது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை.

ஓடெட்

ஜூன் 1, சனி

ஓடெட்,

சாவி டப்பாவில் இருக்கிறது. பூட்டு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். இடது பக்கம் தட்டிவிட்டுத் திருப்பு.

உன் கடிதத்தை வியாழன் மாலையே போய் எடுத்துவிட்டேன். அது என் நாள் இல்லை, தெரியும். வெள்ளிக்கிழமை முழுக்கக் கோபமாக இருந்தேன். பதில் எழுதிக் கிழித்தேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். போன சனிக்கிழமை பலகையைத் திரும்பப் போட்டுவிட்டு வடக்கு மூலைக்குப் போனேன். எட்டுக் குழி வெயிலில் கிடந்தது. அடிமரத்துக்குப் பக்கத்தில் மட்டும் உள்ளங்கை ஆழத்துக்குத் தண்ணீர். அதில் உன் மாமனார் நின்றுகொண்டிருந்தான். முதுகு வெளியே தெரிந்தது. குழிக்குள் முட்டை எல்லாம் வெளுத்துச் செத்துப் போயிருந்தது. அதையும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். கரையில் ஒரு நாரை அவனையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் சேற்றில் இறங்கித் துடுப்பால் தள்ளினேன். போக மாட்டேன் என்றான். மூன்று தடவை திரும்பி வந்தான். கடைசியில் கையால் அள்ளித் தூக்கிக்கொண்டுபோய் ஆழத்தில் விட்டேன்.

இதைப் போன கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதக் கை வரவில்லை. காவல் நிற்பதைப் பற்றி உனக்குப் பாடம் எடுக்கும்போது இது இடித்தது.

அந்த போன் விஷயத்தில் நீ வேண்டாம் என்று சொல்லியிருப்பாய் என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. நீ போகிறேன் என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்துதான் போனை வைத்தேன்.

ஒரு பலகை போதும்தான்.

ஹார்லன்

ஜூன் 2, ஞாயிறு

ஹார்லனுக்கு,

சாவி கிடைத்தது. இடது பக்கம் தட்டினேன், திறந்தது. கடைசிப் பலகை சரியாக உட்காராமல் கசிந்துகொண்டிருந்தது. மெர்லைக் கூப்பிட்டு இறுக்கிவிட்டேன். தண்ணீர் பழைய அளவுக்கு இன்னும் நாலு விரல் ஏற வேண்டும்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பயந்ததாக எழுதியிருக்கிறாய். பயம் வந்தால் மனுஷன் கேட்பான், ஹார்லன், போனை வைக்க மாட்டான். இன்னும் எனக்கு ஆறவில்லை. ஆறும் என்று பொய் சொல்லவும் தோன்றவில்லை. ஆனாலும் நீ எழுதினாய், அது நல்லது.

வடக்கு மூலையில் நாலு புதுக் குழி. இந்தத் தடவை இடுப்பளவு ஆழத்தில். பிந்தி வந்த மீன்களாக இருக்கும். ஒன்றில் வால் கிழிந்த ஒருவன் நிற்கிறான். அவன்தானா என்று சத்தியம் செய்ய மாட்டேன். துடுப்பு நிழல் விழுந்ததும் என்னை முட்ட வந்தான்.

மாமியாரைக் காணவில்லை. ஆழத்துக்குப் போயிருப்பாள். அது ஓடிப்போவது ஆகாது.

ஓடெட்

ஜூன் 3, திங்கள்

ஓடெட்,

அல்லி இலை பாதிக்கு மேல் வந்துவிட்டது. ஒரு வாரத்தில் படுத்துவிடும். இப்போது தண்ணீர் அறுபத்தெட்டு. முட்டை போட்டுக் களைத்த பெண் மீன்கள் நீர்க்களை விளிம்பில், எட்டு அடி ஆழத்தில் இருக்கும். ஈயக்குண்டு கட்டாத ரப்பர் புழுவைச் சும்மா விழவிட்டால் போதும். சாயங்காலம் வெளிச்சம் சாயும்போது நல்லது. நீ இதை எல்லாம் தெரிந்தவள், இருந்தாலும் எழுதுகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். எப்படி எழுதுவது என்று தெரியாமல் முதலில் தண்ணீரையும் மீனையும் பற்றி எழுதினேன்.

வருகிற ஞாயிறு உன் நாள். அன்றைக்கு நானும் படகில் வரலாமா? முன் இருக்கை உனக்கு. நான் பின்னால் உட்கார்ந்து துடுப்பு போடுகிறேன். வாயைத் திறக்க மாட்டேன். நீ வரச் சொன்னால் வருகிறேன். வேண்டாம் என்றால் சரி.

ஹார்லன்

ஜூன் 4, செவ்வாய்

ஹார்லனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் தூண்டிலைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். பத்து எண்ணினேன். இன்னொரு பத்தும் எண்ணினேன்.

உன்னைச் சந்தித்து இருபத்தொன்பது வருஷம் ஆகிறது. "வரலாமா" என்று நீ என்னைக் கேட்டது இதுதான் முதல் தடவை. கல்யாணத்துக்குக்கூட நீ கேட்கவில்லை, தேதியைத்தான் சொன்னாய்.

கேட்டதற்கு நன்றி. வேண்டாம்.

இதை எழுதும்போது கோபத்தில் எழுதவில்லை. உனக்கு அது தெரிய வேண்டும். என் வாயால் நானே சொல்கிறேன், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகத்தான் போவேன்.

களை விளிம்பில், நீ சொன்ன ஆழத்தில், இன்று இரண்டு பிடித்து விட்டேன். நாளைக்கு உன் நாள். பழைய மதகுப் பக்கம் போய்ப் பார், அங்கே இன்னும் யாரும் தூண்டில் போடவில்லை. முன் இருக்கையை உன் கால் நீளத்துக்கு ஒரு முழம் பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன். எழுந்து போகும்போது திரும்ப முன்னால் தள்ளிவிட்டுப் போ.

ஓடெட்